ஃபேண்டஸி தொடர் எழுதுவது எப்படி: முதல் பொறியிலிருந்து இரண்டாம் பாகம் வரை

ஃபேண்டஸி எழுத உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் முதலில் செய்வது வரைபடம் போடுவது. மலை, ஆறு, ஏழு நாடுகள், நாட்டுக்கு ஒரு கொடி, கொடிக்கு ஒரு விலங்கு. அதில் தப்பில்லை. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881இல் ஒரு தீவை வரைந்து வண்ணம் தீட்டியதில்தான் ‘டிரெஷர் ஐலண்ட்’ பிறந்தது. உர்சுலா லெ குவினும் எர்த்ஸீ தீவுக்கூட்டத்தை வரைந்துகொண்டுதான் அதற்குள் இறங்கினார். ஆனால் அவர்கள் வரைந்த சூட்டோடு அந்த நிலத்தில் ஓர் ஆளை நடக்கவிட்டார்கள். நம்மில் பலர் வரைந்துகொண்டே இருக்கிறோம், எட்டாவது நாட்டுக்குக் கொடி போடுகிறோம், கதை மட்டும் நகர்வதில்லை.

நான் யாராவது கேட்டால் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் சொல்வேன்: உங்கள் உலகத்தில் மந்திரத்துக்கு என்ன விலை, அந்த விலையை யார் தலையில் கட்டுகிறார்கள்? இதற்கு உருப்படியான பதில் கிடைத்துவிட்டால் ஊர், சட்டம், வில்லன், சண்டை, கடைசிப் பாகத்தின் முடிவு எல்லாமே அதிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிவரும். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பதிலைக் கண்டுபிடித்து, அதைத் தொடராக்கி, சொந்தமாக வெளியிடும் வரைக்குமான வேலைகள்.

பொறி எங்கே கிடைக்கும்

கனவில் வரும், மலை உச்சியில் வரும் என்றெல்லாம் காத்திருக்க வேண்டாம். மனிதர்கள் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைகளைக் கவனியுங்கள். ‘பேரைக் கெடுத்துக்கொள்ளாதே’ என்கிறோம். நிஜமாகவே ஒருவனுடைய பெயர் கெட்டுப்போய், யாராலும் அதை உச்சரிக்க முடியாமல் போனால்? கடன்பத்திரத்தில் அவனால் கையெழுத்துப் போட முடியாது, அவன் பிள்ளைக்கு அப்பா பெயர் இருக்காது. ‘கொடுத்த வாக்கைக் காப்பாற்று’ என்கிறோம். வாக்கு ஒரு சின்ன உயிராகவே பிறந்து, அதற்குச் சோறு போட்டுக் காப்பாற்ற வேண்டியிருந்தால்? அரசியல்வாதி வீட்டில் எத்தனை பட்டினி கிடக்கும்.

நான் எழுதும் தொடரின் பொறியும் இப்படி வந்ததுதான். நோயாளிப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எந்த அம்மாவும் ஒருமுறையாவது சொல்லிவிடுவாள்: ‘இந்த வலி எனக்கு வந்திருக்கக் கூடாதா?’ வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்ததில் ஆரம்பித்தது.

இப்படிக் கிடைத்ததை உடனே கதையாக்க வேண்டாம். ஒரு நோட்டில் பத்துப் பன்னிரண்டு சேரட்டும். சில நாள் கழித்துத் திரும்பப் படிக்கும்போது, எது உங்களை எரிச்சலூட்டுகிறதோ, யாராவது இதில் ஏமாற்றப்படுவார்களே என்று எது உறுத்துகிறதோ, அதை எடுங்கள். அழகாக மட்டும் இருப்பதை விட்டுவிடுங்கள். அழகு ஒரு சிறுகதைக்குப் போதும். தொடர் பல வருட வேலை, அதற்கு உறுத்தல் வேண்டும்.

விதி ஒரு வரி, விலை ஒரு நோட்டு

என் உலகத்தின் விதி இவ்வளவுதான்: காயத்தை மந்திரத்தால் ஆற்ற முடியாது, ஓர் உடம்பிலிருந்து இன்னோர் உடம்புக்கு மாற்ற மட்டும் முடியும். மந்திர விதியை இப்படி ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் வேகவில்லை என்று அர்த்தம்.

அடுத்து அந்த ஒரு வரியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்படாதீர்கள், கதையே இங்கேதான் விளைகிறது. யார் காயத்தை வாங்கிக்கொள்வார்கள்? முதலில் அம்மாக்கள், அண்ணன்கள், காதலர்கள். அப்புறம்? பணக்காரன் சொந்தக்காரனைத் தேட மாட்டான், கூலிக்கு ஆள் பிடிப்பான். ஆக, மற்றவர் காயத்தைத் தாங்குவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் உருவாகும். அவர்கள் பெயர் தாங்கிகள். மாற்றும் வித்தைக்குக் கைமாற்று என்று பெயர். கூலி எப்படி? காயம் ஆறும்வரை நாள் கணக்கு. அப்படியானால் ஆறிவிட்டதா என்று பார்க்க ஒருவன் வருவான், கணக்குப்பிள்ளை. நூலால் காயத்தின் நீளத்தை அளந்து, நூலில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போவான். சரி, நாள் கணக்கில் கூலி என்றால் தாங்கி என்ன செய்வான்? ராத்திரி உட்கார்ந்து, ஆறிவரும் பொருக்கை நகத்தால் பெயர்ப்பான். வீட்டில் அரிசி இல்லாத வாரத்தில் அவன் மனைவியே பெயர்த்துவிடுவாள்.

இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்குக் கதை கையில் வந்தது. பொருக்கைப் பெயர்க்கும் அந்த மனைவிக்கு ஏழு நாடுகளும் தேவையில்லை. ஒரு விளக்கும் ஒரு கிழிந்த துணியும் போதும்.

விசாரணை இதோடு நிற்காது. போர்க்களத்தில் தளபதிக்குப் பின்னால் தாங்கிகள் வரிசையாக நிறுத்தப்படுவார்களா? அப்படியென்றால் எதிரி யாரை முதலில் குறிவைப்பான்? கொலைக் காயத்தை வாங்கிச் செத்துப்போன தாங்கியைக் கொன்றது யார், கத்தி வைத்திருந்தவனா, காயத்தை மாற்றியவனா? நீதிமன்றம் என்ன சொல்லும்? குழந்தைகளைத் தாங்கியாக வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கும். சட்டம் இருப்பதாலேயே அது எங்கோ நடக்கிறது என்று தெரியும். நோய் மாறுமா? முதுமை? இங்கே கறாராக இருங்கள். நான் இரண்டுக்கும் இல்லை என்று முடிவு செய்தேன், முதுமையை மாற்ற முடிந்தால் அரசன் சாகவே மாட்டான், எனக்குச் சாகக்கூடிய அரசன் வேண்டும். மந்திரத்தால் எது முடியாது என்பதைத் தனிப் பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். மூன்றாம் பாகத்தில் நீங்கள் ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்ளும்போது உங்களைக் காப்பாற்ற ஒரு புதிய சக்தி ஓடிவரப் பார்க்கும். அந்தப் பக்கம்தான் அதைத் தடுக்கும்.

எவ்வளவு உலகம் வேண்டும்

உங்கள் முக்கியப் பாத்திரத்தின் பாதம் படும் இடம், வயிறு நம்பியிருக்கும் இடம், பயப்படும் இடம். இந்த மூன்றையும் முழுதாகக் கட்டுங்கள். மற்றதெல்லாம் பெயரளவில் இருக்கட்டும். என் நாயகி மிழலி ஒரு தாங்கி. அவளுக்கு அரண்மனையின் உள்ளமைப்பு தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் கூலி எந்தக் கிழமை வரும், எந்தக் கணக்குப்பிள்ளை நூலை இறுக்கிப் பிடித்து அளவைக் குறைப்பான் என்பது தெரியும். மூவாயிரம் வருட வரலாற்றை முன்னுரையில் கொட்டுகிற ஆசை எல்லோருக்கும் வரும், எழுதியே தீர வேண்டும் என்றால் எழுதி, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடருக்கு முதுகெலும்பு

வேதாளம் கதை நம் எல்லோருக்கும் தெரியும். இருபத்தைந்து கதைகள், ஒவ்வொன்றும் தனியாக முடிகிறது, கடைசிக் கதை தவிர ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு புதிருக்கு விடை கிடைக்கிறது, ஆனாலும் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடுகிறது. தொடருக்கு இதைவிட நல்ல அமைப்பு எனக்குத் தெரியாது. பாகத்துக்கு ஒரு கேள்வி, அந்தப் பாகத்திலேயே விடை. தொடருக்கு ஒரு கேள்வி, கடைசியில்தான் விடை. இரண்டையும் தனித்தனியாக எழுதிவைத்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்தைத் தொட வேண்டும்.

என் முதல் பாகத்தின் கேள்வி: மிழலி வாங்கிக்கொண்ட ஒரு காயம் ஏன் ஆறவே மாட்டேன் என்கிறது, அது யாருடையது? அது முதல் பாகத்திலேயே தெரிந்துவிடும். தொடரின் கேள்வி வேறு: கைமாறிக் கைமாறி வந்த காயங்களெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன?

வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு ‘தொடரும்’ போடுவதில் ஒரு சுகம் உண்டு. கதவு திறக்கும், உள்ளே ஓர் உருவம், தொடரும். அடுத்த வாரம் இதழ் வந்துவிடும் என்பதால் அது செல்லுபடியானது. புத்தகத்தில் அடுத்த பாகத்துக்கு ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். லெ குவினின் எர்த்ஸீ வரிசையில் மூன்றாவது புத்தகம் 1972இல் வந்தது, நான்காவது 1990இல். அவர் முந்தைய புத்தகங்களை முழுமையாக முடித்திருந்ததால் வாசகர் நடுத்தெருவில் நிற்கவில்லை. பெயர் தெரியாத சுயாதீன எழுத்தாளர் முதல் பாகத்தையே பாதியில் அறுத்தால் வாசகர் இரண்டாம் பாகத்துக்குக் காத்திருக்க மாட்டார், திட்டிவிட்டுப் போய்விடுவார்.

கடைசிக் காட்சி உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்க வேண்டுமா? முழுதாக வேண்டாம். யார் எதை இழப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும், எங்கே எப்படி என்பது போகப்போகத் தெரியும்.

மொழி: இங்கேதான் உலகம் உடையும்

பெயரில் தொடங்குவோம். ஆங்கிலப் புத்தகங்கள் படித்த பழக்கத்தில் க்ஸாரெக், வோல்த்ரிம் என்று வைத்துவிடுகிறோம். தாளில் கம்பீரமாகத்தான் இருக்கும். வேற்றுமை உருபு ஏறியதும் பாருங்கள்: ‘க்ஸாரெக்குக்குக் கோபம் வந்தது.’ தமிழில் பெயர் சும்மா நிற்காது, ஐ, ஆல், கு, இன் எல்லாம் ஏற வேண்டும். ஒவ்வொரு பெயரையும் நான்கு உருபு போட்டு வாய்விட்டுச் சொல்லிப்பாருங்கள், நாக்கு தடுக்கினால் மாற்றுங்கள். ‘க’வும் ‘ட’வும் நமக்கு ஒரே எழுத்தில் இரண்டு ஒலி என்பதால், வாசகர் எப்படிப் படித்தாலும் கெட்டுப்போகாத பெயராகத் தேர்ந்தெடுங்கள். முக்கியமான இரண்டு பேருக்கு ஒரே முதல் எழுத்து வேண்டாம்.

அடுத்தது மரியாதை. அவனா, அவரா, நீயா, நீங்களா என்று ஒவ்வொரு வரியிலும் தமிழ் உங்களைக் கேட்கும், தப்பிக்கவே முடியாது. அரசனைக் கதைசொல்லி ‘அவர்’ என்கிறாரா? அரசன் பதவி இழந்த அத்தியாயத்தில்? இதைத் தொந்தரவாக நினைக்காமல் ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை மிழலியிடம் முதல் பாகம் முழுக்க ‘நீ’ என்றே பேசுகிறான். ஒரே ஒரு காட்சியில், அவனுக்குக் காயம் பட்டு அவளிடம் வந்து நிற்கும்போது, ‘நீங்க’ என்கிறான். அவன் முகம் எப்படி மாறியது என்று நான் தனியாக எழுதத் தேவையிருக்கவில்லை.

உரையாடல் இன்னும் சிக்கல். எல்லோரும் செந்தமிழில் பேசினால் பழைய மேடை நாடகம். ஒரு மாவட்டத்தின் வட்டார வழக்கை அப்படியே கொடுத்தால், எல்லைக் காவலன் வாயைத் திறந்ததும் வாசகர் உங்கள் நாட்டைவிட்டு அந்த மாவட்டத்துக்குப் போய்விடுவார். நான் செய்வது, ஊர் அடையாளம் இல்லாத சாதாரணப் பேச்சுநடையை எல்லோருக்கும் வைத்துவிட்டு, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பேச்சுப் பழக்கத்தைக் கொடுப்பது. தாங்கிகள் ‘என் கை’ என்று சொல்லவே மாட்டார்கள், ‘இந்தக் கை’ என்பார்கள். வாடகைக்கு விட்ட உடம்பு அல்லவா? மிழலி எப்போது ‘என் கை’ என்று சொல்வாள் என்பது இரண்டாம் பாகத்தின் ஒரு முக்கியமான இடம்.

மரபுத்தொடர்களையும் சலித்தெடுங்கள். உங்கள் உலகத்தில் இராமாயணமும் மகாபாரதமும் இல்லையென்றால் கும்பகர்ணத் தூக்கம் இருக்க முடியாது, சகுனி வேலையும் பகீரதப் பிரயத்தனமும் அப்படித்தான். கிலோமீட்டரும் உறுத்தும். நாழிகை தாராளமாகப் பயன்படும், ஒரு நாளைக்கு அறுபது, ஒன்று 24 நிமிடம். திட்டும் சபதமும் அந்த உலகத்துப் பயத்திலிருந்து வர வேண்டும்: ‘உன் காயத்தை வாங்க ஆளில்லாமல் போக!’

தொடர்க் கையேடு

முதல் பாகம் எழுதத் தொடங்கிய அன்றே ஒரு தனிக் கோப்பு திறந்துவிடுங்கள். பாத்திரம், வயது, தழும்பு எந்தக் கையில், யார் யாரை எப்படி அழைப்பார்கள், அது எந்த அத்தியாயத்தில் வந்தது. விரிதாள் இதற்கு நன்றாகவே போதும், விலை கொடுத்து மென்பொருள் வாங்க அவசியமில்லை.

காலக்கணக்கு தனி. டோல்கீன் தன் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பயணக்கதையில் நிலவின் பிறையும் பௌர்ணமியும் நாட்களோடு பொருந்த வேண்டும் என்று கணக்கையே திருத்தி எழுதினார். அந்த அளவுக்கு வேண்டாம் என்றாலும், பௌர்ணமிக்கும் பௌர்ணமிக்கும் இருபத்தொன்பதரை நாள் என்பதையும், சுமையோடு நடப்பவர் நல்ல பாதையில் நாளொன்றுக்கு இருபத்தைந்து, முப்பது கிலோமீட்டர் போவதே பெரிது என்பதையும் மனதில் வையுங்கள். குதிரையும் நாள் முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடாது.

பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டலில் வைப்பது பெரிய தலைவலி. ர, ற, ல, ள, ழ, ந, ன எல்லாம் பாகத்துக்குப் பாகம் மாறிவிடும். கணினியில் ‘ஓரன்’ என்று தேடினால் ‘ஓரனை’, ‘ஓரனுக்கு’ எல்லாம் சிக்காது, புள்ளி போய்விட்டதே! புள்ளியை விட்டுவிட்டு ‘ஓரன’ என்று தேடுங்கள், பெரும்பாலான மென்பொருள்களில் எல்லா வடிவங்களும் அகப்படும். அதே காரணத்தால் ‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள்.

கையேட்டை மற்றவருக்கும் புரிகிற மாதிரி எழுதுங்கள். ராபர்ட் ஜோர்டன் ‘தி வீல் ஆஃப் டைம்’ என்ற தன் நெடுந்தொடரை முடிக்காமலே 2007இல் இறந்தார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று பாகங்களை 2009க்கும் 2013க்கும் இடையில் வெளியிட்டார். நமக்கு அப்படி ஒருவர் வரமாட்டார் என்றாலும், மூன்று வருடம் கழித்துத் திறக்கும் நீங்களே கிட்டத்தட்ட வேற்று ஆள்தான்.

எழுதுவதும் திருத்துவதும்

முதல் வரைவை நிறுத்தாமல் எழுதி முடியுங்கள். நடுவில் ஊர்ப் பெயர் தோன்றாவிட்டால் நட்சத்திரக் குறி போட்டுவிட்டுப் போங்கள்.

தொடர் எழுதுகிறவருக்கு இருக்கிற ஒரு சலுகையைச் சொல்லிவிடுகிறேன்: முடிந்தால் இரண்டாம் பாகத்தின் வரைவு கையில் இருக்கும்போது முதல் பாகத்தை வெளியிடுங்கள். இரண்டாம் பாகத்துக்குத் தேவைப்படும் ஒரு மோதிரத்தையோ தழும்பையோ முதல் பாகத்தில் அமைதியாக நட்டுவைக்கலாம். டோல்கீனுக்கு அந்த வசதி இல்லை. 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’டில் மோதிரம் கைமாறும் விதம், பின்னால் எழுதிய பெருங்கதைக்கு ஒத்துவரவில்லை. 1951 பதிப்பில் அந்த அத்தியாயத்தைத் திருத்த வேண்டியிருந்தது. மின்னூலில் நாமும் திருத்தலாம், ஆனால் ஏற்கெனவே படித்தவர் மனதில் இருப்பது பழைய பதிப்புதான்.

முன்வாசகர்கள் மூன்று நான்கு பேர் போதும். அதில் ஒருவராவது ஃபேண்டஸி படிக்காதவராக இருக்கட்டும். ‘பிடித்ததா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். எந்தப் பக்கத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள், எந்தப் பெயர் குழப்பியது, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வை விட்டுவிடலாம், சுட்டும் இடத்தை விடக் கூடாது. பிழைதிருத்தத்துக்கு மட்டும் காசு கொடுத்து ஆள் வையுங்கள். ஒற்றுப்பிழை மலிந்த புத்தகத்தின் மந்திரம் யாரையும் கட்டாது.

வெளியிடும் வேலை

தட்டச்சு ஒருங்குறியில்தான் (யூனிகோட்). பழைய எழுத்துரு முறையில் அடித்த கோப்பு மின்னூலில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் அமைப்பதாக இருந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும். மின்னூலுக்கு இபப் (EPUB) கோப்பு. பெரிய கடைகள் எல்லாம் அதை ஏற்கும். போனில் ஒருமுறை, கிண்டிலில் ஒருமுறை என்று நீங்களே முழுதாகப் புரட்டிப் பாருங்கள்.

அட்டைக்கு கிண்டில் பரிந்துரைக்கும் அளவு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். ஆனால் வாசகர் அதைப் பார்ப்பது கட்டைவிரல் நகம் அளவில். அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் தலைப்பு படிக்க வர வேண்டும். முதல் பாகத்துக்கு அட்டை போடும்போதே மூன்று பாகங்களுக்கும் சேர்த்து ஓர் அமைப்பை யோசியுங்கள், அதே எழுத்துரு, தலைப்பு அதே இடத்தில், நிறம் மட்டும் மாறட்டும். அச்சுப் புத்தகத்தின் முதுகு அகலம் பக்க எண்ணிக்கையைப் பொறுத்தது, உள்பக்கம் முடிவாகும் முன் முழு அட்டையை முடிக்க முடியாது.

கிண்டில் மாதிரிப் பகுதியாகக் காட்டுவது புத்தகத்தின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய பத்து சதவீதம். அணிந்துரை, நன்றியுரை, வம்சாவளி, சொல்லகராதி எல்லாம் முன்னால் இருந்தால் வாசகர் கதையைப் பார்க்காமலே மாதிரி முடிந்துவிடும். வரைபடம் ஒன்றை மட்டும் முன்னால் விட்டு, மற்றதைப் பின்னால் தள்ளுங்கள்.

கிண்டிலில் சொந்தமாக வெளியிடுபவர்களுக்கான அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் அந்த மின்னூலை 90 நாளுக்கு வேறெங்கும் மின்வடிவில் விற்கக் கூடாது, உங்கள் சொந்தத் தளத்தில் இலவசமாகக் கொடுத்தாலும் மீறல்தான். அச்சுப் பிரதிக்கு அந்தத் தடை இல்லை. கிண்டில் மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் கட்டாயமில்லை, அச்சுக்கு எடுத்தால் தாளட்டைக்கும் கெட்டி அட்டைக்கும் தனித்தனி எண் வேண்டும். பதிவேற்றும்போது தொடரின் பெயர், பாக எண் இரண்டையும் அதற்கான கட்டத்திலேயே நிரப்புங்கள், அப்போதுதான் கடை எல்லாப் பாகங்களையும் ஒரே வரிசையில் காட்டும். எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டாம் பாகம்

முதல் பாகம் படித்தவர் மறந்திருப்பார், படிக்காதவரும் ஒருசிலர் இதிலிருந்தே தொடங்குவார். ‘முன்கதைச் சுருக்கம்’ என்று ஒரு பக்கம் போடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் முதல் அத்தியாயத்திலேயே பழைய காயம் ஒன்று புதிய சிக்கலைக் கொண்டுவந்தால் சுருக்கமே தேவைப்படாது. என் இரண்டாம் பாகம், கணக்குப்பிள்ளையின் மகன் முடிச்சுப் போட்ட நூல்கள் நிறைந்த ஒரு பெட்டியை மிழலியின் வாசலில் இறக்குவதில் தொடங்குகிறது. நூல் என்ன, முடிச்சு என்ன, அவளுக்கு ஏன் கை நடுங்குகிறது என்று சொல்லி முடிப்பதற்குள் முன்கதை வந்துவிடுகிறது.

விற்பனை முதல் பாகத்தைவிடக் குறையும், அதற்குத் தயாராக இருங்கள். எல்லாத் தொடருக்கும் படிக்கு ஒருவராக ஆட்கள் இறங்கிப்போவார்கள். இரண்டாம் பாகம் வரும் வாரத்தில் முதல் பாகத்தின் விலையைக் குறைப்பது, முதல் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இரண்டாவதற்கான இணைப்பைச் சேர்த்துக் கோப்பைப் புதுப்பிப்பது, இந்த இரண்டையும் செய்துவிட்டு விற்பனைப் பக்கத்தை மூடிவையுங்கள். மூன்றாம் பாகத்தின் கோப்பைத் திறக்கும்போது கையேட்டையும் பக்கத்தில் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கை, எந்தத் தழும்பு என்று அதற்குள் மறந்திருக்கும்.